வானியல் புத்தகம் வாங்குமுன் பிறையைப் பாருங்கள்

கேள்வி: ஒட்டுசுட்டானில் இருக்கிறோம். மகள் தரம் 6. இரவானால் முற்றத்தில் பாயைப் போட்டு வானத்தைப் பார்த்தபடி கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பாள். எனக்குப் பாதிக்கும் பதில் தெரியாது. பாடசாலை நூலகத்தில் இருந்த ஒரேயொரு விண்வெளிப் புத்தகத்தை மூன்று முறை படித்துவிட்டாள். ஓகஸ்டில் என் தம்பி லண்டனிலிருந்து வருகிறான். அவனிடம் என்ன புத்தகம் கொண்டுவரச் சொல்லலாம்? யாழ்ப்பாணத்துக் கடைகளில் இந்தியாவில் அச்சான தமிழ்ப் புத்தகங்களும் இருக்கின்றன. அவை சரிவருமா? இல்லை, ஒரு தொலைநோக்கியே வாங்கிக் கொடுத்துவிடலாமா?

பதில்: சகோதரி, தொலைநோக்கிக் கதையை முதலில் முடித்துவிடுவோம். இப்போதைக்கு வேண்டாம். விலை குறைந்தவற்றின் கால் ஆடும். நிலவைப் பிடிப்பதற்குள் அரைமணி நேரம் போய்விடும், நுளம்பும் கடிக்கும், பிள்ளைக்கு வெறுத்துப்போகும். தம்பியிடம் காசு மிஞ்சினால் 10×50 அளவில் ஒரு பைனாகுலர் வாங்கிவரச் சொல்லுங்கள். முழங்கையை மதிலில் ஊன்றிப் பிடித்தால், 1610 ஜனவரியில் கலிலியோ கண்ட வியாழனின் நான்கு நிலவுகளும் சின்னப் புள்ளிகளாகத் தெரியும். தெரியாத நாளிலும் பைனாகுலர் வீண்போகாது, குளத்தில் கொக்குப் பார்க்க உதவும்.

இனிப் புத்தகம். பெயர்ப் பட்டியல் தருவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். தரப்போவதில்லை. நான் சொல்லும் புத்தகம் நீங்கள் போகிற கடையில் இருக்காது, அங்கே இருக்கிற புத்தகம் என் பட்டியலில் இருக்காது. விஞ்ஞான ஆசிரிய ஆலோசகராகப் பாடசாலை பாடசாலையாகத் திரிந்த காலத்தில் நான் பார்த்த பெரிய குறை வேறு. புத்தகங்கள் இருந்தன. வெளிநாட்டிலிருந்து அன்பளிப்பாக வந்த, வழுவழுப்பான தாளில் அச்சான நல்ல புத்தகங்கள். ஆனால் அவை இங்கிலாந்துப் பிள்ளைக்காக, இங்கிலாந்து வானத்தைப் பார்த்து எழுதப்பட்டவை. அதை விரித்துக்கொண்டு எங்கள் பிள்ளை முற்றத்துக்கு வந்தால், பக்கத்தில் ஒன்று இருக்கும், மேலே வேறொன்று தெரியும். பிள்ளை என்ன நினைக்கும்? புத்தகம் பிழை என்றா நினைக்கும்? தனக்குத்தான் பார்க்கத் தெரியவில்லை என்று நினைக்கும்.

பிறையை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் புத்தகங்களில் வளர்பிறை அடைப்புக்குறி மாதிரி நிமிர்ந்து நிற்கும். எங்கள் பிள்ளைகளும் சித்திரப் பாடத்தில் அப்படித்தான் கீறுகிறார்கள். அமாவாசை கழிந்து மூன்றாம் நாள் மாலை மேற்கே பாருங்கள். பிறை தோணி போல மல்லாந்து கிடக்கும், இரண்டு கொம்பும் மேலே. மாதத்துக்கு மாதம் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ கொஞ்சம் சாயும், அவ்வளவுதான். காரணம் லேசு. எங்கள் ஊரில் சூரியன் ஏறத்தாழ நேர்செங்குத்தாகக் கீழே இறங்குகிறது. நிலவின் ஒளிபட்ட பக்கம் சூரியனைத்தானே பார்த்திருக்கும்? சூரியன் நேர் கீழே இருந்தால் வெளிச்சமும் கீழ்ப்பக்கத்தில்தான். லண்டனில் சூரியன் சரிவாகச் சறுக்கி இறங்குவதால் அங்கே பிறை நிமிர்ந்து நிற்கிறது. மகளிடம் இருக்கும் புத்தகத்தில் பிறை எப்படிக் கிடக்கிறது என்று பார்த்தாலே, எழுதியவர் எந்த வானத்தின் கீழ் இருந்து எழுதினார் என்று பிடித்துவிடலாம்.

அடுத்தது நண்பகல் சூரியன். "மத்தியானத்தில் சூரியன் எப்போதும் தெற்கே இருக்கும்" என்று அந்தப் புத்தகங்கள் அடித்துச் சொல்லும். லண்டனுக்கு அது சரி. ஒட்டுசுட்டானோ வட அகலக்கோடு 9 பாகைக்குச் சற்று மேலே இருக்கிறது. சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிச் சூரியன் உங்கள் தலைக்கு நேர் மேலே வருகிறது. அதன்பின் ஓகஸ்ட் கடைசி வரை மத்தியானச் சூரியன் வடக்கே நிற்கும், உங்கள் நிழல் தெற்கே விழும். பிறகு மறுபடி தலைக்கு மேலால் தெற்கே போகும்.

விண்மீன் வரைபடத்தில் வித்தியாசம் இன்னும் பெரிது. துருவ விண்மீனைக் கண்டுபிடிக்க அண்ணாந்து பார் என்பார்கள். லண்டனில் அது 51 பாகை உயரத்தில் நிற்கும். இங்கே ஒன்பது பாகை. கையை நீட்டி முட்டியைப் பொத்திப் பிடித்தால் அது ஏறக்குறைய பத்துப் பாகை. அதாவது அடிவானிலிருந்து ஒரு முட்டி உயரம்கூட இல்லை, வடலிக்குப் பின்னால் மறைந்துவிடும். மறுபக்கம், லண்டன்காரர் தங்கள் ஊரிலிருந்து ஒருநாளும் காணமுடியாதவை எங்களுக்கு இருக்கின்றன. மே மாத நடுப்பகுதியில் இரவு ஒன்பது மணிக்குத் தெற்கே இரண்டு முட்டி உயரத்தில் தென்சிலுவை நிற்கும். பெப்ரவரி இரவுகளில் அதே தெற்கில் அகத்தியர், வானத்தின் இரண்டாவது பிரகாசமான விண்மீன். அவர்களுடைய வரைபடத்தில் இந்த இரண்டுக்கும் இடமே இருக்காது. கொழும்பில் தெரு விளக்குக்குள் இருக்கும் பிள்ளைக்குப் பால்வீதி படத்தில்தான். ஒட்டுசுட்டானில் மின்சாரம் போன இரவில் அது கண்முன்னால் கிடக்கிறது. இப்படிப்பட்ட வானத்தை வைத்துக்கொண்டு அடுத்தவன் வரைபடத்தைப் பார்ப்பது அநியாயம்.

ஆகவே தம்பிக்கு ஒரே வரியில் சொல்லுங்கள்: "இரவு வானத்தைப் பார்ப்பது எப்படி" என்ற வகைப் புத்தகமும், திகதிக்கும் நேரத்துக்கும் ஏற்பத் திருப்பி விண்மீன்களைப் பார்க்கிற வட்ட அட்டையும் லண்டனில் வாங்க வேண்டாம். கோள்கள், விண்கலங்கள், சூரியன் எப்படி எரிகிறது, விண்மீன் எப்படிப் பிறக்கிறது என்று சொல்லும் படப் புத்தகம் வாங்கட்டும். சனியின் வளையம் லண்டனுக்கும் முல்லைத்தீவுக்கும் ஒன்றுதான். ஆங்கிலம் கடினமாக இருந்தாலும் நல்ல புகைப்படமும் அதன்கீழ் இரண்டு வரியும் பிள்ளையை இழுத்துக்கொண்டு போகும். வரைபடத்துக்கு ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதில் உங்கள் இடத்தைக் கொடுத்தால் அன்றிரவு உங்கள் முற்றத்துக்கு மேலே இருப்பதை அப்படியே காட்டும்.

இந்தியத் தமிழ்ப் புத்தகங்களில் இந்த வானச் சிக்கல் குறைவு. சென்னை 13 பாகை, வானம் ஏறத்தாழ ஒன்றுதான். அங்கே சிக்கல் சொல்லில் வருகிறது. ஒருமுறை முத்தையன்கட்டுப் பக்கம் ஒரு பெடியன் இரண்டு புத்தகங்களைக் கையில் வைத்துக்கொண்டு வந்தான். ஒன்று எங்கள் பாடநூல், மற்றது சென்னையில் அச்சானது. "சேர், சந்திரனுக்குப் போனால் நிறை ஆறில் ஒன்றாகும் என்று இது சொல்லுது. நிறை மாறவே மாறாது என்று அது சொல்லுது. எது பொய்?" இரண்டும் பொய்யில்லை. நாங்கள் திணிவு என்பதை அவர்கள் நிறை என்கிறார்கள். நாங்கள் நிறை என்பதை அவர்கள் எடை என்கிறார்கள். ஒரே சொல், இரண்டு பொருள். வேகத்திலும் இதே கூத்து: அவர்களுடைய வேகம் எங்களுக்குக் கதி, அவர்களுடைய திசைவேகம் எங்களுக்கு வேகம். பரீட்சைத்தாளில் மாற்றி எழுதினால் புள்ளி போய்விடும் என்று சில ஆசிரியர்கள் இந்தியப் புத்தகத்தையே தொடாதே என்கிறார்கள். எனக்கு அது ஒப்பில்லை. அந்தப் பெடியனோடு உட்கார்ந்து புத்தகத்தின் பின் அட்டை உட்பக்கத்தில் பென்சிலால் ஒரு சொற்பட்டியல் போட்டோம். இயற்பியல் என்றால் பௌதிகவியல், ஹைட்ரஜன் என்றால் ஐதரசன், ஆக்சிஜன் என்றால் ஒட்சிசன், சூரியக் குடும்பம் என்றால் ஞாயிற்றுத் தொகுதி. பன்னிரண்டு சொல்லோடு அலுவல் முடிந்தது. மகளிடமும் அப்படி ஒரு பட்டியலை அவளே எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

கடையில் நின்று ஒரு புத்தகத்தைச் சோதிக்க ஐந்து நிமிடம் போதும். முதலில் பருவகாலம் பற்றிய பக்கத்தைத் திறவுங்கள். சூரியனுக்குக் கிட்டப் போவதால் கோடை வருகிறது என்று எழுதியிருந்தால் மூடி வைத்துவிடுங்கள். பூமி சூரியனுக்கு மிகக் கிட்ட வருவது ஜனவரி முதல் வாரத்தில். அந்த நேரத்தில் வன்னியில் விடியப்புறம் போர்வை தேடுகிறோம், லண்டனில் நடுங்குகிறார்கள். பருவத்துக்குக் காரணம் பூமியின் அச்சு 23½ பாகை சாய்ந்திருப்பது. பிறகு நிலவு தேய்ந்து வளரும் பக்கம். பூமியின் நிழல் விழுவதால் பிறை உண்டாகிறது என்று இருந்தால் அதுவும் தள்ளுபடி. அந்த நிழல் விழுவது சந்திர கிரகணத்தில் மட்டும்தான். கிரகணம் பற்றிய பக்கத்தில் புகைபிடித்த கண்ணாடியாலோ எக்ஸ்ரே படத்தாலோ சூரியனைப் பார்க்கலாம் என்று இருந்தால், அது பரிசாகக் கிடைத்தாலும் வீட்டுக்குள் எடுக்காதீர்கள். 2010 ஜனவரி 15, 2019 டிசம்பர் 26 என்று பத்து வருடத்துக்குள் இரண்டு கங்கண சூரிய கிரகணங்கள் (சூரியன் நெருப்பு வளையமாகத் தெரிபவை) வடக்கின் மேலாகப் போயிருக்கின்றன. அப்போது நம்மவர் எதையெல்லாம் கண்ணில் வைத்துப் பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியும்.

புளூட்டோவைப் பார்த்துப் புத்தகத்தைத் தள்ளுகிறவர்கள் உண்டு. 2006 ஓகஸ்டில் அதைக் குள்ளக் கோள் என்று வகை மாற்றினார்கள். ஒன்பது கோள் என்றிருந்தால் புத்தகம் அதற்கு முந்தியது என்று அர்த்தம், கெட்டது என்று அர்த்தமில்லை. பென்சிலால் ஒரு குறிப்புப் போட்டால் சரி. நிலவுக் கணக்கையும் பெரிதாக எடுக்க வேண்டாம். 2025 மார்ச்சில் சனிக்கு ஒரேயடியாக 128 புதிய நிலவுகள் சேர்ந்து மொத்தம் 274 ஆனது. அந்த ஒரு நாளில் உலகத்துப் புத்தகங்கள் எல்லாமே பழசாகிவிட்டன.

எனக்கு எரிச்சல் தருவது வேறொன்று. எட்டுக் கோளும் தோளோடு தோள் உரச வரிசையில் நிற்கும் படம். அதைப் போடாத புத்தகம் இல்லை. போட்டுவிட்டு, "தூரங்கள் உண்மை அளவில் இல்லை" என்று ஒரு வரி எழுதுகிறவர்தான் நேர்மையானவர். உண்மை அளவை நீங்களே காட்டலாம். ஒரு கால்பந்தைச் சூரியன் என்று படலையடியில் வையுங்கள். பூமி ஒரு கடுகு, 24 மீட்டர் தள்ளி. வியாழன் ஒரு நெல்லிக்காய், 120 மீட்டருக்குச் சற்று அப்பால். நெப்டியூனுக்கு 700 மீட்டர் நடக்க வேண்டும், சந்திக் கடை வரை போய்விடுவீர்கள். சூரியனுக்கு அடுத்து மிகக் கிட்ட இருக்கும் விண்மீன் எங்கே என்று மகள் கேட்பாள். 6000 கிலோமீட்டருக்கு அப்பால் என்று சொல்லுங்கள். இந்த நடையை ஒருநாள் போய்வந்த பிள்ளை அந்தப் படத்தைப் பார்த்து ஏமாறாது.

காசில்லாத வழிகளும் உண்டு. ஸ்டோரிவீவர் தளத்தில் சிறுவர்களுக்கான விஞ்ஞானக் கதைகள் தமிழில் இலவசம். இலங்கையில் வெளிவந்த பழைய தமிழ் நூல்களும் சஞ்சிகைகளும் நூலகம் இணையத்தளத்தில் கிடக்கின்றன, சொற்களும் எங்கள் சொற்கள். வீட்டுப் பஞ்சாங்கத்தையும் ஒதுக்க வேண்டாம். பலன் பக்கத்தை விட்டுவிடுங்கள், நட்சத்திரப் பெயர்கள் போதும். திருவாதிரை, ரோகிணி, சித்திரை, கேட்டை எல்லாம் மேலே கையைக் காட்டி "அதுதான்" என்று சொல்லக்கூடிய விண்மீன்கள். தன் பிறந்த நட்சத்திரத்தை வானத்தில் காணாத பிள்ளைகள் எத்தனை பேர்!

தம்பி ஓகஸ்டில் வருவது நல்லதாய்ப் போயிற்று. வானியல் புத்தகங்களில் எரட்டோஸ்தனிஸ் கதை அனேகமாக இருக்கும். அலெக்சாந்திரியா நூலகத்தின் பொறுப்பாளர், 2200 வருடங்களுக்கு முன் வாழ்ந்தவர். சையீன் என்ற ஊரில் ஒரு நாள் மத்தியானம் சூரியன் கிணற்றின் அடிவரை நேரே எரிக்கிறது, அதே நேரம் அலெக்சாந்திரியாவில் தடிக்கு நிழல் விழுகிறது என்பதை வைத்துப் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டார். லண்டன் பிள்ளைக்கு அது கதை. உங்கள் வளவில் கிணறு இருக்கிறது. ஓகஸ்ட் 29, மத்தியானம் 12 மணி 8 நிமிடம். ஒரு நாள் முன்பின்னானாலும் பரவாயில்லை. மகளைப் பிடித்துக்கொண்டு கட்டோடு நின்று எட்டிப் பாருங்கள். தண்ணீரில் மின்னுவதை உற்றுப் பார்க்க வேண்டாம், கிணற்றுச் சுவரை மட்டும் பாருங்கள். எந்தப் பக்கச் சுவரின் நிழலும் தண்ணீரில் விழாது. பக்கத்தில் ஒரு மீட்டர் தடியை நேராக நட்டால் அதற்கும் நிழல் இராது. அன்று லண்டனில் பகல் ஒரு மணிக்குத் தம்பி வீட்டுத் தோட்டத்தில் யாராவது அதே அளவுத் தடியை நட்டு நிழலை அளந்து தொலைபேசியில் சொல்லட்டும். 90 சென்டிமீட்டர் அளவில் வரும். இரண்டு எண்ணையும் மகள் கொப்பியில் எழுதி வைக்கட்டும். கணக்கை அவள் மாமாவோடு இருந்து போடலாம்.