மொட்டை மாடியிலிருந்து மேகத்தை அளக்கலாமா?

கேள்வி: திருவொற்றியூரில் குடியிருக்கிறேன். 1,000 மீட்டர் வரை அளக்கும் கையடக்க லேசர் கருவி வாங்கினேன். மேகத்தை நோக்கிப் பிடித்தால் சில நாள் 600 காட்டுகிறது, சில நாள் 60, பல நாள் ஒன்றுமே இல்லை. கருவி பழுதா?

பழுதாக இருக்காது. விமான நிலையங்களில் மேக உயரம் பார்க்கும் சீலோமீட்டரும் இதே வேலையைத்தான் செய்கிறது. லேசர் துடிப்பை மேலே அனுப்பி, திரும்பி வரும் நேரத்தைக் கணக்கிடுகிறது. ஒளி ஒரு மைக்ரோ விநாடியில் 300 மீட்டர் போகும். போக வர என்பதால் பாதியாக்கினால், ஒவ்வொரு மைக்ரோ விநாடிக்கும் 150 மீட்டர் உயரம். ஆனால் சீலோமீட்டர் ஆயிரக்கணக்கான துடிப்புகளைக் கூட்டிப் பார்க்கும். உங்கள் கருவியோ சுவர், மரம் போன்ற கெட்டியான பொருளுக்காகச் செய்தது. பெட்டியில் போட்டிருக்கும் 1,000 மீட்டரும் நன்றாக எதிரொளிக்கும் பரப்புக்குத்தான். மேகத்திலிருந்து வருவது மங்கலான ஒளி. அதுவும் பட்டப்பகலில் வெயில் வெளிச்சத்தில் அமுங்கிவிடும். அந்தி சாய்ந்த பிறகு, தாழ்ந்த கருமேகத்தில் முயன்று பாருங்கள்.

அந்த 60 மேகமே இல்லை. தூறலோ புகைமூட்டமோ திருப்பி அனுப்பிய ஒளி அது. எண்ணூர், மணலி பக்கத்துக் காற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை! தூர இலக்கை எடுக்கும் வசதி கருவியில் இருந்தால் அதைப் போடுங்கள். பத்து முறை அளந்து, ஒத்துப்போகும் எண்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், சாய்த்துப் பிடித்தால் கிடைப்பது சாய்வுத் தூரம். 45 டிகிரியில் 1,000 மீட்டர் என்றால் உயரம் 707 தான்.

சரிபார்க்க எளிய கணக்கு ஒன்று உண்டு. 100-லிருந்து ஈரப்பதத்தைக் கழித்து 5-ஆல் வகுத்தால், வெப்பநிலைக்கும் பனிப்புள்ளிக்கும் (காற்றின் ஈரம் நீர்த்துளியாக மாறத் தொடங்கும் வெப்பநிலை) உள்ள இடைவெளி தோராயமாக வரும். அதை 125-ஆல் பெருக்குங்கள். ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் இடைவெளி 6 டிகிரி, உயரம் 750 மீட்டர். பஞ்சுப்பொதி போன்ற திரள் மேகத்துக்கு மட்டுமே இது பொருந்தும். கடற்காற்று புகுந்தபின் உங்கள் மாடியில் இருப்பது மெல்லிய ஈர அடுக்கு. மேலே நிற்கும் மேகம் அந்தக் காற்றில் உருவானதாகவே இருக்காது. அப்போது கணக்கு குறைத்துக் காட்டும். எனவே கடற்காற்று வருமுன் பாருங்கள்.

மீனம்பாக்கம் விமான நிலைய அறிக்கையோடும் ஒப்பிடலாம். அதில் உயரம் அடிக்கணக்கில் இருக்கும், 0.3-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். இடையே 20 கிலோமீட்டருக்கு மேல் இருப்பதால் அப்படியே ஒத்துப்போகாவிட்டால் கவலை வேண்டாம்.

விமானச் சத்தம் கேட்டால் மட்டும் கருவியை உடனே கீழே இறக்கிவிடுங்கள்.