தறியில் பிறந்த கார், இட்டேரியில் ஓடும் கார்

“நீங்கள் என்ன கார் ஓட்டுகிறீர்கள்? எந்த நாட்டுக் கார் பிரியர்களோடு உங்கள் ஊர்க்காரர்கள் ஒத்துப்போவார்கள்?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

என்னிடம் இரண்டு வண்டிகள். ஒன்று அப்பா 1996-இல் வாங்கிய மாருதி 800. மூன்று முறை எஃப்.சி. (தகுதிச் சான்று) பார்த்து இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்னொன்று நான் 2012-இல் வாங்கிய பொலேரோ. ஊர் கோபிச்செட்டிபாளையம் பக்கம். பிழைப்பு கோவை கணபதியில் ஒரு சின்ன லேத் பட்டறை. விசைத்தறிக்கும் நிட்டிங் மெஷினுக்கும் உதிரி பாகம் கடைந்து கொடுக்கிறேன். தொழிலை எதற்குச் சொல்கிறேன் என்றால், என் பதிலே அந்தப் பட்டறையிலிருந்துதான் கிளம்புகிறது.

மாட்டுப் பொங்கலுக்கு நாங்கள் எல்லோரும் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில் கூடுவோம். சித்தப்பா மகன் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கம் இருக்கிறான், அங்கே ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் கார் ஓட்டுகிறான். அக்கா வீட்டுக்காரர் ஆஸ்திரேலியாவில், டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் வைத்திருக்கிறார். என்னோடு பாலிடெக்னிக்கில் படித்த நண்பன் ஜப்பானில் ஹமாமட்சுவில் இருக்கிறான். அவன் வர முடியாத வருடங்களில் வீடியோ காலில் வந்துவிடுவான். பொங்கல் பானை பொங்கி முடிந்ததும் பேச்சு கார் பக்கம் திரும்பினால் இருட்டும்வரை ஓயாது. உங்கள் கேள்வியை நாங்கள் பல வருடமாகக் கட்டிலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறோம்.

நண்பன் ஓட்டுவது வேகன் ஆர். பெயர் நமக்குத் தெரிந்ததுதான், ஆனால் அது வேறு வண்டி. இங்கே 1 லிட்டர், 1.2 லிட்டர் இன்ஜினில் வருகிறது. அங்கே 660 சிசி. ஜப்பானில் ‘கெய்’ என்று ஒரு வகை உண்டு. இன்ஜின் 660 சிசிக்குள், நீளம் 3.4 மீட்டருக்குள், அகலம் 1.48 மீட்டருக்குள் இருந்தால் வரி குறைவு, நம்பர் பிளேட் மஞ்சள். பெரிய கார் வாங்க வேண்டுமானால் அதை நிறுத்த இடம் இருக்கிறது என்று போலீஸ் சான்று வாங்க வேண்டும். ஊர்ப்புறங்களில் கெய் காருக்கு அதுவும் தேவையில்லை. இதைக் கேட்டபோது எனக்கு நம் ஊர் நாலு மீட்டர் கணக்குதான் ஞாபகம் வந்தது. 2006-இல் மத்திய அரசு நாலு மீட்டருக்குள் இருக்கும் கார்களுக்கு வரியைக் குறைத்தது. பெட்ரோல் என்றால் 1,200 சிசி, டீசல் என்றால் 1,500 சிசி வரம்பு. அதற்குப் பிறகுதான் டிக்கியைக் குறுக்கிய டிசையர் மாதிரி வண்டிகள் நம் தெருவுக்கு வந்தன. ஒரு நாட்டில் காரின் உருவத்தை வரைகிற கையில் பாதி வரித்துறையுடையது என்று அன்றைக்குப் புரிந்தது.

ஆனால் நண்பன் சொன்னதில் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு விஷயம். சுசூகி கம்பெனி ஆரம்பித்ததே அவன் இருக்கும் ஹமாமட்சுவில்தான். 1909-இல் மிச்சியோ சுசூகி அங்கே தொடங்கியது தறி செய்யும் பட்டறை. அவர்களுடைய முதல் கார் சுசுலைட் வந்தது 1955-இல். டொயோட்டாவும் அப்படியே. சகிச்சி டொயோடா தறி செய்தவர். 1924-இல் அவருடைய தானியங்கித் தறி வந்தது. 1933-இல் அந்தத் தறிக் கம்பெனிக்குள்ளேயே ஒரு பிரிவாகத்தான் அவர் மகன் கீச்சிரோ கார் வேலையைத் தொடங்கினார்.

நான் தறிக்கு பாகம் கடைகிறவன். என் பட்டறை வாசலில் நிற்கும் மாருதி 800-உம் சுசூகி வண்டிதான், தறி செய்தவர்களின் பட்டறையில் பிறந்த வண்டி. அன்று இரவு அந்த வண்டியின் பானெட்டைத் திறந்து சும்மா பார்த்துக்கொண்டே நின்றேன்.

இதை அடுத்த பொங்கலுக்கு ஜெர்மனித் தம்பியிடம் சொன்னேன். அவன் விட்டுக்கொடுக்கவில்லை. “அண்ணா, எங்க ஊர்லயும் அதே கதைதான். திருப்பூர்க்காரங்களுக்குச் சொந்தம் ஜெர்மனியில இருக்குது” என்றான். அவன் சொன்னது என்.எஸ்.யு. கம்பெனியை. 1873-இல் பின்னல் இயந்திரம் செய்ய ஆரம்பித்த கம்பெனி அது. 1880-இல் நெக்கார்சுல்ம் ஊருக்கு வந்து, அங்கிருந்து சைக்கிள், மோட்டார் சைக்கிள், கார் என்று போய், 1969-இல் ஆட்டோ யூனியனோடு சேர்ந்தது. இன்றைய ஆடி கார்க் கம்பெனியின் வேர்களில் ஒன்று அது. ஓப்பல் ஆரம்பித்ததும் தையல் மெஷினில்தான். பனியன் கம்பெனியில் ஓடுகிற நிட்டிங் மெஷினைப் பார்த்து வளர்ந்த யாருக்கும் இது பெருமையாக இருக்கும் என்று நினைக்கிறேன். ஊசியும் கேமும் நூலளவு பிசகாமல் ஓட வேண்டும் என்று பழகிய கைக்கு, வால்வும் கேம் ஷாஃப்டும் அந்நியமில்லை.

அப்படியானால் கோவை ஏன் கார் செய்யவில்லை? என்னைக் கேட்டால் கையும் மூளையும் இங்கே இருந்தன, லைசென்ஸ்தான் இல்லை. 1980-கள் வரைக்கும் இந்தியாவில் யார் கார் செய்யலாம், எத்தனை செய்யலாம் என்பதை அரசு முடிவு செய்தது. ஜி.டி. நாயுடு கதை தெரியாத ஆள் எங்கள் பக்கம் இல்லை. வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்து, கோவையில் ஹோட்டலில் வேலை செய்து காசு சேர்த்து அதையே வாங்கினார். வாங்கியதும் அக்கு அக்காகப் பிரித்துப் போட்டு மறுபடி மாட்டிப் பார்த்தார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒரே ஒரு பஸ்ஸோடு தொழில் தொடங்கினார். முதலில் பிரிக்க வேண்டும், அப்புறம்தான் ஓட்ட வேண்டும் என்பது எங்கள் பக்கத்துக் கார் பைத்தியத்தின் முதல் பாடம். 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்து, மில்லும் மோட்டாரும் பம்புசெட்டும் பெருகி, தெருவுக்கு ஒரு லேத், ஒரு ஃபவுண்டரி என்று ஆன ஊர் இது. கார் செய்யவில்லையே தவிர, காரின் ஹாரனும் மீட்டரும் இங்கிருந்து போகின்றன.

காரே செய்யவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. லட்சுமி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த கரிவரதன் 1980-களின் கடைசியில் கோவையில் ஒற்றை இருக்கை ரேஸ் கார் செய்தார். அதில் வைத்தது மாருதி 800 இன்ஜின்! ஃபார்முலா மாருதி என்று அந்தப் பந்தயத்துக்கே பெயர். மில் குடும்பத்து மனிதர் ஒருவர், தறிக் கம்பெனியில் பிறந்த இன்ஜினை எடுத்து ரேஸ் காரில் வைத்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும். நரேன் கார்த்திகேயன் முதல் பந்தயம் ஓட்டியது அந்த வகைக் காரில்தான். 2005-இல் அவர் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியராக வந்து நின்றார். கரிவரதன் அதைப் பார்க்க இல்லை, 1995-லேயே போய்விட்டார். செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரில்தான் இருக்கிறது.

சரி, என் 800 கதைக்கு வருகிறேன். நாலு வருடத்துக்கு முன்னால் ஐடிலிங் நிற்கவே இல்லை. காலை எடுத்தால் ஆஃப் ஆகிவிடும். கோவையில் ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் காட்டினேன். கார்புரேட்டரையே மாற்ற வேண்டும், ஆனால் புதுசு கிடைக்காது, வண்டியைக் கொடுத்துவிடுங்கள் என்றார்கள். பட்டறைக்குக் கொண்டுவந்து கழற்றிப் பார்த்தேன். த்ராட்டில் ஸ்பிண்டில் போய்வரும் துளை தேய்ந்து, அந்த இடைவெளியில் காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி, பித்தளையில் ஒரு புஷ் (உள்வளையம்) கடைந்து இறக்கினேன். அரை நாள் வேலை. இன்றைக்கும் சிக்னலில் தையல் மெஷின் மாதிரி நிற்கிறது.

தம்பி இதைக் கேட்டுவிட்டு, ஜெர்மனியில் வீல் சைஸை மாற்றினால்கூட சோதனைக்குக் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டியிருக்கும் என்றான். புதுக் காருக்கு மூன்றாம் வருடம் ஒரு சோதனை, அப்புறம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. ‘டூஃப்’ என்கிறார்கள். ஜப்பானிலும் இதே மூன்று, இரண்டு கணக்குதான். இந்த இடத்தில் நான் அவர்கள் கட்சி. நம் ஊரில் சொந்தக் காரை ஒருமுறை பதிந்துவிட்டால் பதினைந்து வருடத்துக்கு எஃப்.சி. கேள்வியே கிடையாது. பதினான்கு வருட வண்டி, மொட்டை டயரோடு அவிநாசி ரோட்டில் நூறில் போகிறது. 2019-இல் உச்ச நீதிமன்றம், கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று சொன்னது. அதை வைத்து சைலன்சர் மாற்றிய பையனைப் பிடிக்கிறோம், பிரேக் பிடிக்காத வண்டியை விட்டுவிடுகிறோம். கை வேலை தெரிந்த ஊருக்குத்தான் சோதனை இன்னும் கண்டிப்பாக வேண்டும் என்பது என் எண்ணம். நான் கடைந்த புஷ்ஷை ஒருவர் அளந்து பார்த்துச் சரி என்று சொன்னால் எனக்குச் சந்தோஷம்தான்.

ஜெர்மனியின் ஆட்டோபான் நெடுஞ்சாலையில் வேக வரம்பில்லாத இடங்கள் உண்டு என்று எல்லோருக்கும் தெரியும். அதை நடத்திக் காட்டுவது, வேகமாக வருகிற வண்டிக்கு ஓரம் ஒதுங்கி வழி விடுகிற பழக்கம். சேலம் ரோட்டில் வலது லேனில் நாற்பதில் போகும் லோடு வண்டியின் பின்னால் ஒருமுறை மாட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இனி பொலேரோ. இங்கே மச்சான் கட்சி. ஆஸ்திரேலியாவில் ‘யூட்’ என்று ஒரு வண்டி வகை, முன்னால் கார், பின்னால் தொட்டி. அது பிறந்த கதையை அவர் சொன்னார். 1930-களின் தொடக்கத்தில் விக்டோரியா பக்கத்து விவசாயி ஒருவரின் மனைவி ஃபோர்டு கம்பெனிக்குக் கடிதம் எழுதினாராம். ஞாயிற்றுக்கிழமை நனையாமல் சர்ச்சுக்குப் போக வேண்டும், திங்கட்கிழமை பன்றிகளைச் சந்தைக்கு ஏற்ற வேண்டும், இரண்டுக்கும் ஒரே வண்டி கொடுங்கள் என்று. ஜீலாங் தொழிற்சாலையில் லூ பாண்ட் என்ற இளைஞர் வரைந்து, 1934-இல் வண்டி வந்துவிட்டது.

அந்த அம்மா எங்கள் ஊரில் பிறந்திருக்க வேண்டியவர். என் பொலேரோ திங்கட்கிழமை மஞ்சள் மூட்டையோடு ஈரோடு போகும். வெள்ளிக்கிழமை கழுவித் துடைத்துப் பொட்டு வைத்துக்கொண்டு பண்ணாரி அம்மன் கோவிலுக்குப் போகும். கல்யாணத்துக்கு அம்முச்சியை (அம்மாவின் அம்மாவை) முன்னால் உட்காரவைத்துக் கூட்டிப் போகும். பின்னால் பட்டை ஸ்பிரிங் என்பதால் காலியாகப் போகும்போது தூக்கிப் போடும், லோடு ஏற்றினால் தொட்டில் மாதிரி போகும். மச்சான் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு, “இது உங்கூர் யூட்தான் மாப்ள” என்றார். நான் வாங்கிய நல்ல பெயர்களில் அது ஒன்று.

அமெரிக்காவைப் பற்றிக் கேட்பீர்கள். ஃபோர்டு எஃப் வரிசை பிக்கப் 1977-இலிருந்து அங்கே அதிகம் விற்கும் பிக்கப் என்ற இடத்தை விடவே இல்லை. அந்த அகலமெல்லாம் அவர்கள் ரோட்டுக்குச் சரி. எங்களுக்குப் பேச அதிகம் இல்லை.

பழைய கார் வாங்கும்போதுதான் எங்கள் ஆட்களின் ஊர்க்குணம் முழுதாகத் தெரியும். எங்கள் அப்பாரு (தாத்தா) காங்கேயம் காளை வாங்கினால் முதலில் சுழி பார்ப்பார், பல் பார்ப்பார், அப்புறம் ஒன்றும் பேசாமல் நடக்க விட்டுப் பார்ப்பார். அந்தியூர் சந்தைக்கு என்னைச் சின்ன வயதில் கூட்டிப் போயிருக்கிறார். அதே கண்தான் இன்றைக்குக் காரிலும். கதவு பீடிங் ரப்பரை இழுத்து உள்ளே கம்பெனி வெல்டிங் புள்ளிகள் இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து பேக் கம்ப்ரஷன் அடிக்கிறதா, அதாவது உள்ளிருந்து காற்று பீறிடுகிறதா என்று கை வைத்துப் பார்ப்பார்கள். ஸ்டெப்னி கிடக்கும் பள்ளத்தில் துரு தேடுவார்கள். ஓட்டுவது கடைசியில்தான். தம்பிக்கு ஜெர்மனியில் பழைய கோல்ஃப் வாங்க, அவன் கேமராவைக் காட்டக் காட்ட நான் இங்கிருந்து இப்படித்தான் பார்த்தேன். மூன்று வண்டியை வேண்டாம் என்றேன். நாலாவதைத்தான் இப்போது ஓட்டுகிறான்.

ஆக, எங்கள் கூட்டாளிகள் ஹமாமட்சுவிலும் நெக்கார்சுல்மிலும் விக்டோரியா மாநிலத்துத் தோட்டங்களிலும் இருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து ஒரே ஒரு வண்டி கொண்டுவரலாம் என்று யாராவது எனக்கு அனுமதி கொடுத்தால், ரேஸ் கார் கேட்க மாட்டேன். ஜப்பான் விவசாயிகள் வைத்திருக்கும் கெய் டிரக்தான் கேட்பேன். 660 சிசி இன்ஜின், நாலு சக்கரத்துக்கும் இழுவை, நம் குட்டி யானை மாதிரி உருவம்.

காரணம் எங்கள் இட்டேரி. இந்தச் சொல் வெளியூர்க்காரர்களுக்குப் புதிதாக இருக்கலாம். இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவே மாட்டு வண்டி போகிற மண் தடம், அதுதான் இட்டேரி. தோட்டத்துக்குப் போக எங்களுக்கு அந்த ஒரு வழிதான். மழைக்காலத்தில் ஒருமுறை 800 அதில் சறுக்கிப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. கரும்பு வெட்டிக்கொண்டிருந்த நாலு பேர் வந்து பின்பக்கத்தை அப்படியே தூக்கி வைத்தார்கள். பொலேரோ சறுக்காது, ஆனால் அதன் இரண்டு பக்கமும் முள் இழுத்த கோடுகள். போன பொங்கலுக்கு நானும் மச்சானும் டேப் எடுத்துப் போய் இட்டேரியின் குறுகலான இடத்தை அளந்தோம். சரியாக ஆறடி. பொலேரோ ஐந்தடி ஒன்பது அங்குலம், பக்கத்துக்கு ஒன்றரை அங்குலம்தான் மிச்சம். கெய் டிரக் நாலடி பத்து அங்குலம். பக்கத்துக்கு ஏழு அங்குலம் கிடைக்கும். கண்ணாடியை மட்டும் மடக்கிக்கொண்டால் ஒரு முள்கூடப் படாமல் சாளை வாசல் வரைக்கும் போய்விடலாம்.