பொறாமைப்படும் பிள்ளைக்கு என்ன கதை படிக்கலாம்?

கேள்வி: கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை பக்கம் இருக்கிறோம். வீட்டில் தமிழ், மகள் படிப்பது மலையாள மீடியம். அவளுக்கு ஐந்தரை வயது. பக்கத்து வீட்டுத் தோழியின் அப்பா வளைகுடாவிலிருந்து லீவில் வந்தபோது பெரிய கலர் பென்சில் பெட்டியும் லைட் எரிகிற ஷூவும் வாங்கி வந்திருந்தார். மறுநாள் விளையாடப் போன என் மகள் அந்தப் பென்சில்களை ஒவ்வொன்றாக ஒடித்துவிட்டாள். பொறாமைப்பட்ட நரி பள்ளத்தில் விழுவதுபோல ஒரு படக்கதைப் புத்தகம் வாங்கி, அன்று ராத்திரியே படித்துக் காட்டினேன். "அந்த நரி கெட்டது" என்றாள், அவ்வளவுதான். எந்த மாதிரிப் புத்தகம் வாங்க வேண்டும்? எப்படிப் படிக்க வேண்டும்? தமிழிலா, மலையாளத்திலா?

பதில்: உங்கள் மகள் சொன்னதில் தவறே இல்லை. நரி கெட்டதாகத்தான் வரையப்பட்டிருக்கிறது. தான் நரி இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும். கதை அவள் பக்கத்திலேயே வரவில்லை.

முதலில் அவள் மனதில் என்ன நடந்தது என்று பார்ப்போம். விஷு அன்று பெரியவர்கள் கொடுக்கும் கைநீட்டக் காசை வாங்கும் பிள்ளைகளைக் கவனித்திருப்பீர்கள். பத்து ரூபாய் கிடைத்த சந்தோஷத்தில் குதிக்கிற பிள்ளை, அண்ணன் கையில் ஐம்பதைப் பார்த்ததும் முகம் வாடிப்போகும். 2015-ல் 'நேச்சர்' இதழில் வந்த ஓர் ஆய்வில் இந்தியா உட்பட ஏழு நாடுகளின் பிள்ளைகளுக்கு மிட்டாயைப் பிரித்து வைத்துப் பார்த்தார்கள். அடுத்த பிள்ளையைவிடத் தனக்குக் குறைவாக வந்தால், அந்தக் கொஞ்சமும் வேண்டாம் என்று தள்ளிவிடும் குணம் ஏழு நாடுகளிலும் இருந்தது. தனக்கு அதிகமாக வந்தால் 'இது நியாயமில்லை' என்று மறுக்கும் குணமோ மூன்று நாடுகளில் மட்டும், அதுவும் வளர்ந்த பிள்ளைகளிடம்தான் தெரிந்தது. ஆகவே ஐந்தரை வயதில் மனம் எரிவது குணக்கேடு இல்லை. எரிகிறபோது கையை என்ன செய்வது என்று அவளுக்கு இன்னும் தெரியவில்லை. படப் புத்தகம் சொல்லித்தர வேண்டியது அதைத்தான். பொறாமையே வராமல் செய்யும் புத்தகம் ஒன்று இருக்கும் என்று தேடாதீர்கள்.

சரி, எந்தப் புத்தகம்? மனிதப் பிள்ளைகள் வருகிற கதையாக எடுங்கள். டொராண்டோ பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2017-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், நான்கு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்குப் பகிர்ந்து கொடுப்பது பற்றிய கதையை மனிதப் பாத்திரங்களோடும், இன்னொரு பகுதியினருக்கு அதே கதையைச் சட்டை போட்ட விலங்குகளோடும் படித்துக் காட்டினார்கள். மனிதர்கள் வந்த கதையைக் கேட்ட பிள்ளைகள் அதற்குப் பிறகு தங்கள் ஸ்டிக்கர்களை முன்னைவிடத் தாராளமாகக் கொடுத்தார்கள். விலங்குக் கதை கேட்டவர்களிடம் அந்தப் பலன் இல்லை. அதற்காக நரியையும் முயலையும் வீட்டைவிட்டுத் துரத்த வேண்டாம். சிரிக்க, ரசிக்க, பயப்பட விலங்குக் கதைகள் வேண்டும். இந்த ஒரு வேலைக்கு மட்டும் உங்கள் மகள் மாதிரியே ஒரு பெண் படத்தில் இருப்பது நல்லது.

கடைசிப் பக்கத்தையும் கடையிலேயே பார்த்துவிடுங்கள். பொறாமைப்பட்டவருக்கு அடி, அவமானம், பள்ளம் என்று முடிந்தால் வைத்துவிடுங்கள். 2014-ல் பொய்யைப் பற்றி ஒரு சோதனை நடந்தது. நம் ஊரில் 'புலி வருது' என்று சொல்கிறோமே, அதுபோலப் பொய்க்குத் தண்டனை கிடைக்கும் கதைகளைக் கேட்ட பிள்ளைகளிடம் உண்மை பேசுவது கூடவில்லை. உண்மையை ஒப்புக்கொண்டு பாராட்டு வாங்கிய சிறுவனின் கதை கேட்டவர்களிடம் கூடியது. அது பொய் பற்றியது, பொறாமை பற்றியது அல்ல. ஆனால் பிள்ளைகளோடு பழகியவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. பயந்த பிள்ளை மறைக்கத்தான் கற்றுக்கொள்ளும். பொறாமை வந்த பிள்ளை அதைச் சமாளித்து வெளியே வருகிற கதை எதுவானாலும் வாங்கலாம்.

இனி படிக்கும் விதம். நான் அதிகம் வலியுறுத்துவது இதைத்தான். தப்பு நடந்த அன்று ராத்திரியே படித்தீர்கள் அல்லவா, அப்படிச் செய்யாதீர்கள். அன்று புத்தகம் பிரம்பாக மாறிவிடும். இரண்டு மூன்று நாள் போகட்டும். மடியில் உட்கார வைத்து, முதலில் எழுத்தைப் படிக்காமல் படத்தை மட்டும் பாருங்கள். "இந்தப் பாப்பா கையை எங்கே வச்சிருக்கா பாரு?" "அவ கண்ணு எதைப் பார்க்குது?" "உள்ளுக்குள்ள அவளுக்கு எப்படி இருக்கும் கண்ணு?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். பிள்ளைக்கு யோசிக்க நேரம் வேண்டும். அவள் "வயிறு கடுகடுன்னு இருக்கும்" என்று ஏதாவது சொன்னால், திருத்தாமல் அதையே பிடித்துக்கொண்டு, "ஓ, கடுகடுன்னா? அப்புறம்?" என்று போங்கள். 1988-ல் அமெரிக்காவில் க்ரோவர் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் இப்படிக் கேள்வி கேட்டு, பதிலை நீட்டிப் படிக்கும் முறையைப் பெற்றோருக்குப் பழக்கியபோது ஒரு மாதத்திலேயே பிள்ளைகளின் பேச்சு வளர்ந்தது தெரிந்தது. மனதில் உள்ளதைச் சொல்ல வார்த்தை கிடைத்த பிள்ளை, கையால் சொல்வது குறையும் என்பது என் நம்பிக்கை.

பொறாமைப்படுகிற பாத்திரம் ஏதாவது செய்யப்போகும் பக்கத்தில் நிறுத்தி, "இப்ப இவ என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். "பிடுங்கலாம்" என்றாலும் பதறாதீர்கள். "பிடுங்கினா என்ன ஆகும்? வேற வழி இருக்கா?" என்று தொடருங்கள். "ஒரு தடவை தர்றியா?" என்று கேட்கலாம் என்ற வழி பல பிள்ளைகளுக்குத் தோன்றுவதே இல்லை. தோன்றினால், நீங்கள் தோழியாகவும் அவள் கேட்பவளாகவும் நடித்துப் பாருங்கள். தோழி "தர மாட்டேன்" என்று சொல்லும் நாளையும் நடித்துப் பாருங்கள். அதுவும் நடக்கும்.

"நீயும் இப்படித்தானே பென்சிலை ஒடிச்சே?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். "இதுலேர்ந்து என்ன தெரிஞ்சுக்கிட்டே?" என்பதும் வேண்டாம். அதே புத்தகத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டால் படியுங்கள். ஒரு நாள் அவளாகவே "நானும் அன்னைக்கு..." என்று ஆரம்பிப்பாள்.

உங்கள் பகுதியில் கைவசம் ஒரு நல்ல கதை இருக்கிறது. ஓணத்துக்குப் பள்ளியில் மாவேலி (மகாபலி மன்னன்) கதை கேட்டிருப்பாள். மாவேலியின் ஆட்சியில் எல்லோரும் சந்தோஷமாக இருந்ததையும் அவருக்குக் கிடைத்த புகழையும் பார்த்துத் தேவர்களுக்கு மனம் பொறுக்கவில்லை என்றுதானே அங்கே சொல்கிறார்கள்? "தேவர்களுக்கே பொறாமை வந்துச்சே, அவங்க வேற என்ன செஞ்சிருக்கலாம்?" என்று கேட்டு, ஏ4 தாள்களை மடித்துத் தைத்து அவளையே படம் வரையச் சொல்லுங்கள். வானத்தில் இருப்பவர்களுக்கும் அது வரும் என்றால், தனக்கு வந்ததைச் சொல்ல அவளுக்கு அவ்வளவு கூச்சம் இருக்காது.

'ஔவியம் பேசேல்' என்று பொறாமைப் பேச்சைத் தடுத்த ஔவையார், அதே ஆத்திசூடியில் 'உடையது விளம்பேல்', அதாவது உன்னிடம் இருப்பதைப் பெருமையடித்துக்கொள்ளாதே என்றும் சொல்லியிருக்கிறார். லைட் ஷூவை ஆட்டிக் காட்டிய தோழிக்கும் அதில் பங்கு உண்டு. உங்கள் மகளிடம் புதிதாக ஒன்று வரும் நாளில் இதைப் பேசுங்கள். அப்போது பேசினால்தான் அன்பு என்பது இரண்டு பக்கமும் இருப்பது என்று அவளுக்குப் புரியும்.

பெரியவர்கள் பேச்சு பற்றி ஒரு வார்த்தை. "அவங்கப்பா துபாய்ல இருக்கார், நாம எங்கே போறது" என்று நாம் பெருமூச்சு விடுவதைப் பிள்ளை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. "கண்ணு வச்சுட்டா" என்று யாராவது அவளைப் பற்றிச் சொன்னால், பாட்டியே ஆனாலும், மெதுவாகத் தடுத்துவிடுங்கள். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டால் எந்தப் புத்தகத்தாலும் எடுப்பது கஷ்டம்.

ஒடிந்த பென்சிலுக்குப் பதில் வாங்கிக்கொண்டு அவளும் நீங்களுமாகப் போய்க் கொடுத்துவிடுங்கள். அதைக் கதையோடு கலக்க வேண்டாம். கூட நின்றால் போதும். "ஸாரி சொல்லு" என்று எல்லார் முன்னாலும் நெருக்க வேண்டாம். ஆனால் பொருளை உடைப்பதும் மற்ற பிள்ளைகளை அடிப்பதும் மாதக்கணக்கில் தொடர்ந்தாலோ, தூக்கம், சாப்பாடு கெட்டாலோ, குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

மொழியைப் பற்றிக் கேட்டீர்கள். அவள் எந்த மொழியில் அழுகிறாளோ அந்த மொழியில் முதலில் படியுங்கள். உங்கள் வீட்டில் அது தமிழாகத்தான் இருக்கும். பிறகு மலையாளத்திலும் படித்தால் பள்ளியில் பேச வார்த்தை கிடைக்கும். பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய 'ஸ்டோரிவீவர்' தளத்தில் பல படக்கதைகள் தமிழ், மலையாளம் இரண்டிலும் இலவசமாகக் கிடைக்கின்றன, பிரிண்ட் எடுத்துக்கொள்ளலாம். சென்னையின் தூலிகா பதிப்பகமும் இரண்டு மொழிகளிலும் படப் புத்தகங்கள் போடுகிறது. வாங்கும் முன் உங்கள் ஊர் வாயனசாலையில் (நூலகத்தில்) கேட்டுப் பாருங்கள். தமிழ்ப் படப் புத்தகம் இல்லையென்றால் பக்கத்து வீடுகளில் நான்கு அம்மாக்களைச் சேர்த்துக்கொண்டு வாயனசாலைச் செயலாளரிடம் எழுதிக் கொடுங்கள். பென்சில் பெட்டிக்காரத் தோழியின் அம்மாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.