சிவப்புத் தண்டுக்குக் கூடுதல் விலை கொடுக்கலாமா?

கேள்வி: வீட்டில் ரூபார்ப் கிரிஸ்ப் செய்யப் போகிறேன், அதாவது ரூபார்ப் என்ற புளிப்புச் செடித் தண்டின் துண்டுகள்மேல் மாவுக் கலவை தூவி அவனில் சுடும் இனிப்பு. கடையில் சிவப்பு, பச்சை இரண்டு தண்டும் இருக்கின்றன. சிவப்புக்கு விலை அதிகம். உறைந்த ரூபார்ப் பாக்கெட்டும் கிடைக்கிறது. போன முறை அடியில் தண்ணீர் நின்று, மேல் மாவு ஊறிப்போய்விட்டது. எதை வாங்கலாம்?

பதில்: நிறத்துக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். ரூபார்பில் சிவப்பு என்பது பழுத்ததற்கோ இனிப்புக்கோ அடையாளம் இல்லை. அது பெரும்பாலும் ரகத்தைப் பொறுத்தது. பச்சைத் தண்டும் அதே அளவு நன்றாக வேகும். பார்க்கவேண்டியது விறைப்பைத்தான்: மடக்கினால் தொய்யாமல் சட்டென்று ஒடியவேண்டும். ரொம்பத் தடித்த தண்டில் நார் அதிகம். இலையோடு விற்றால் வீட்டுக்கு வந்ததும் இலையை வெட்டி எறியுங்கள். அதில் ஆக்ஸாலிக் அமிலம் மிகுதி, நஞ்சு, சாப்பிடவே கூடாது.

கிரிஸ்புக்கு உறைந்த பாக்கெட்டே போதும் என்பது என் கருத்து. எப்படியும் குழைய வேகப்போவதுதானே! சேர்மானத்தில் ரூபார்ப் மட்டும் இருக்கிறதா என்று படியுங்கள். சர்க்கரை சேர்த்தது வேண்டாம். தொட்டால் துண்டுகள் தனித்தனியாக உருளவேண்டும். ஒரே கட்டியாக இருந்தால் நடுவில் உருகி மறுபடி உறைந்திருக்க வாய்ப்பு உண்டு, எடுக்காதீர்கள். பாகில் போட்ட டப்பா ரூபார்ப் ஏற்கெனவே வெந்தது, கூழாகிவிடும்.

இனி அந்தத் தண்ணீர்ப் பிரச்சினை. ரூபார்பில் பெரும்பகுதி நீர்தான், சர்க்கரை பட்டதும் அது வெளியே வரும். 700 கிராம் துண்டுகளுக்கு 150 கிராம் சர்க்கரையும் 2 மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளாரும் கலந்து புரட்டுங்கள். உறைந்தது என்றால் உருகவிடாமல் அப்படியே போடலாம். கார்ன்ஃப்ளார் மட்டும் 3 மேசைக்கரண்டி. மேலே தூவ மைதா, ஓட்ஸ், பழுப்புச் சர்க்கரை, குளிர்ந்த வெண்ணெய். ஓட்ஸ் வாங்கும்போது உடனடி ரகம் வேண்டாம், தட்டையான முழு ஓட்ஸ்தான் மொறுமொறுப்பாக நிற்கும். கிரிஸ்புக்கென்றே விற்கும் ரெடிமேட் கலவையிலும் முக்கியமாக மாவும் சர்க்கரையும்தான், அதற்குத் தனியாகச் செலவழிக்காதீர்கள்.

அவனில் 190 டிகிரி செல்சியஸில் 40 முதல் 45 நிமிடம் சுடுங்கள். உறைந்ததற்கு இன்னும் 10 நிமிடம் கூடப் பிடிக்கும். ஓரத்தில் மட்டும் கொதித்தால் போதாது. நடுவிலும் சாறு கெட்டியாகக் கொப்புளிக்கவேண்டும், அப்போதுதான் கார்ன்ஃப்ளார் வெந்து இறுகும். போன முறை சீக்கிரம் எடுத்துவிட்டீர்களோ என்று தோன்றுகிறது. எடுத்ததும் பரிமாறாமல் அரை மணி நேரம் ஆறவிடுங்கள். அப்புறம், பாத்திரம் கண்ணாடியோ பீங்கானோ இருக்கட்டும். ரூபார்பின் புளிப்பு அலுமினியத்தோடு வினைபுரிந்து உலோக வாடை ஏறிவிடும்.