பம்பைக் கழற்றுவதற்கு முன்: படகின் நன்னீர்ப் பம்பு பற்றிய கேள்வி பதில்

திருகோணமலையில் வாடை ஓய்ந்து படகுகள் மறுபடி கடலில் இறங்கத் தொடங்கியதும் என்னிடம் வரும் கேள்விகளில் பெரும்பங்கு நன்னீர்ப் பம்பைப் பற்றியவைதான். இம்முறை வந்தவற்றுக்கு ஒன்றாகப் பதில் எழுதுகிறேன். எல்லாமே பற்றரியில் ஓடும் சிறிய டயபிரம் பம்புகள், அதாவது உள்ளே ஒரு ரப்பர் சவ்வு அசைந்து தண்ணீரைத் தள்ளுபவை. குழாயைத் திறந்தால் ஓடும், மூடினால் நிற்கும். அந்த வேலையைச் செய்வது பம்பின் தலையில் இருக்கும் பிரஷர் சுவிட்ச். தாங்கியில் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்பது அதற்குத் தெரியாது. அழுத்தம் ஒன்றுதான் தெரியும். பல பம்புகளில் 40 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தின் அலகு) அளவில் மின்சாரத்தை வெட்டும், 25 அளவுக்கு இறங்கினால் மீண்டும் கொடுக்கும். உங்கள் பம்புக்கான எண்கள் அதன்மேல் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கும்.

உப்புவெளியிலிருந்து, திமிங்கிலம் பார்க்கச் சுற்றுலாப் படகு நடத்தும் ஒரு சகோதரி: அண்ணா, குழாய்கள் எல்லாம் மூடியிருக்கின்றன. ஆனாலும் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை பம்பு இரண்டு விநாடி உறுமிவிட்டு நிற்கிறது. சுவிட்ச் பழுதா?

சுவிட்ச் ஒழுங்காக வேலை செய்வதால்தான் உறுமுகிறது, தங்கச்சி. எங்கோ அழுத்தம் கசிகிறது, அது 25க்கு இறங்கும்போதெல்லாம் சுவிட்ச் பம்பை எழுப்புகிறது. கசிவு எந்தப் பக்கம் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பம்பிலிருந்து தண்ணீர் வெளியேறும் குழாயில் ஒரு வால்வு இருந்தால், பம்பு நின்றதும் அதை மூடிவிட்டுக் காத்திருங்கள். உறுமல் நின்றுவிட்டால் கசிவு வால்வுக்கு அப்பால், அதாவது குழாய்களின் பக்கம். வால்வை மூடிய பின்னும் உறுமினால் பம்புக்குள்ளே இருக்கும் சிறிய ரப்பர் வால்வுகள் தண்ணீரைத் தாங்கிக்கே திருப்பி விடுகின்றன. பெரும்பாலும் அங்கே ஒரு மணல் துணிக்கையோ சுண்ணாம்புச் செதிலோ சிக்கியிருக்கும். தலையைத் திறந்து கழுவினாலே போதும்.

குழாய்ப் பக்கம் என்றால் ஒவ்வோர் இணைப்பின் கீழும் காய்ந்த டிஷ்யூத் தாளைச் சுற்றிவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஈரத்தையும் தாள் காட்டிக்கொடுக்கும். சுற்றுலாப் படகில் நான் முதலில் பார்ப்பது பின்தளத்தில் இருக்கும் குளியல் ஷவரைத்தான். பயணிகள் கைப்பிடியின் விசையை மட்டும் விட்டுவிட்டு, சுடுநீரும் குளிர்நீரும் கலக்கும் குழாயை மூடாமல் போய்விடுவார்கள். அழுத்தம் முழுவதும் அந்த மெல்லிய ஹோஸில் நிற்கும்; ஒரு சொட்டுக் கசிவே போதும். சுடுநீர்த் தாங்கி இருந்தால் அதன் பாதுகாப்பு வால்வின் வாயையும் தொட்டுப் பாருங்கள், ஈரமாக இருக்கக் கூடாது.

கொட்பேயிலிருந்து, பலநாள் படகோட்டி ஒருவர்: தம்பி, மூன்று மாதம் கரையில் கிடந்த படகு. பம்பு நன்றாக ஓடுகிறது, தண்ணீர்தான் வரவில்லை. தாங்கி நிறைய இருக்கிறது. புதுப் பம்பு வாங்கச் சொல்கிறார்கள்.

வாங்காதீர்கள் அண்ணா, முதலில் ஒரு வாளித் தண்ணீரை எடுங்கள். தாங்கியிலிருந்து வரும் ஹோஸைப் பம்பின் வாயில் கழற்றிவிட்டு, ஒரு மீற்றர் நீளமுள்ள வேறு ஹோஸை மாட்டி, அதன் மறுமுனையை வாளிக்குள் விடுங்கள். பம்பு வாளியை உறிஞ்சினால் பம்பில் குற்றமில்லை. தாங்கிக்கும் பம்புக்கும் நடுவில்தான் எங்கோ காற்று நுழைகிறது, அல்லது வழி அடைபட்டிருக்கிறது.

காற்று நுழையும் இடங்களில் முதலாவது வடிகட்டிக் கிண்ணம். பம்புக்கு முன்னால் இருக்கும் அந்தக் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் கிண்ணத்தைக் கழற்றி, ரப்பர் வளையத்தை விரலால் வளைத்துப் பாருங்கள். காய்ந்த வளையத்தில் தலைமயிர் அளவில் வெடிப்புத் தெரியும். உறிஞ்சும் பக்கத்தில் அது தண்ணீரைச் சொட்டவிடாது, காற்றை உள்ளே இழுக்கும். தரை காய்ந்தே கிடப்பதால் யாரும் சந்தேகப்படுவதில்லை. புது வளையம் போட்டு, உணவுப் பொருளில் படக்கூடிய சிலிக்கன் கிரீஸ் சிறிது தடவி, கையால் மட்டும் இறுக்குங்கள். குறடு பிடித்தால் கிண்ணம் வெடிக்கும்.

அதிலும் சரிவராவிட்டால் தாங்கியின் காற்றுக் குழாயைப் பாருங்கள். படகு சும்மா கிடந்த மாதங்களில் குளவி அதற்குள் மண்கூடு கட்டியிருக்கும். காற்று உள்ளே போக வழியில்லாவிட்டால் தண்ணீரும் வெளியே வராது, சில நேரம் பிளாஸ்டிக் தாங்கியே உள்வாங்கிவிடும். அடுத்த தடவை படகைக் கரையேற்றும்போது அந்த வாயில் ஒரு துண்டு நுண்வலை கட்டிவிடுங்கள்.

*அவரே மறுநாள்: குளவியும் இல்லை, வளையமும் நல்லது. வாளியிலிருந்து நன்றாக உறிஞ்சுகிறது. தாங்கியிலிருந்து வரும் ஹோஸ் மட்டும் பம்பு ஓடும்போது தட்டையாகிறது.*

அதுதான் காரணம், அண்ணா. சாதாரணத் தோட்ட ஹோஸ் போட்டிருக்கிறார்கள். வெயிலில் இளகி, உறிஞ்சும்போது ஒட்டிக்கொள்கிறது. உள்ளே கம்பிச்சுருள் அல்லது கெட்டி வரி உள்ள, குடிநீருக்கேற்ற ஹோஸை மாற்றுங்கள்.

மூதூரிலிருந்து, ஒரு தம்பி: பம்பில் சத்தமே இல்லை. பியூஸ் நல்லது.

மல்டிமீற்றர் இருக்கிறதா? குழாயைத் திறந்துவைத்து, பம்புக்கு வரும் இரண்டு வயரிலும் வோல்ட் பாருங்கள். வரவில்லை என்றால் குற்றம் வழியில்: பிரதான சுவிட்ச், பியூஸ் பிடிப்பான், மைனஸ் இணைப்பு. பியூஸ் நல்லது என்கிறீர்கள், ஆனால் அதைப் பிடித்திருக்கும் கவ்வி பச்சை பூத்திருந்தால் நல்ல பியூஸும் பயன்படாது.

வோல்ட் வருகிறது, மோட்டர் அசையவில்லை என்றால் பிரஷர் சுவிட்சின் இரு முனைகளையும் ஒரு துண்டு வயரால் கணநேரம் இணையுங்கள். பம்பு ஓடினால் சுவிட்ச் செத்துவிட்டது. ஓடாவிட்டால் மோட்டர். கொஞ்ச நேரத்துக்கு முன் நீண்ட நேரம் ஓடியிருந்தால் சூட்டுப் பாதுகாப்பு வெட்டியிருக்கலாம், ஆறவிட்டு மறுபடி பாருங்கள். அந்த வயர்த்துண்டை அப்படியே கட்டிவிட்டுக் கடலுக்குப் போகும் ஆட்களை இந்த ஊரில் எனக்குத் தெரியும். வெட்ட ஆளில்லாமல் பம்பு ஓடினால் ஹோஸ் கழன்று தாங்கித் தண்ணீர் முழுவதும் படகின் அடியில் கொட்டும்.

சீனக்குடாவிலிருந்து: எஞ்சின் ஓடும்போது பம்பு சரியாக நிற்கிறது. இரவில் எஞ்சினை நிறுத்தி விளக்குகளைப் போட்டால் குழாயை மூடினாலும் நிற்பதில்லை, முனகிக்கொண்டே ஓடுகிறது. சுவிட்சில் இருக்கும் திருகாணியை இடப்பக்கம் திருகினால் நிற்கும் என்று ஒருவர் சொன்னார். திருகினேன், நிற்கிறது. சரிதானே?

சரியில்லை. நல்ல கேள்வி, அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எஞ்சின் ஓடும்போது பற்றரியில் 14 வோல்ட் அளவில் இருக்கும், நிறுத்தியபின் விளக்குச் சுமையோடு 12.2 அளவில் இருக்கும். உங்கள் பம்பு 7 அம்பியர் எடுக்கிறது, பற்றரி 6 மீற்றர் தொலைவில் இருக்கிறது, வயர் 1.5 சதுர மில்லிமீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். போக வர 12 மீற்றர் செம்பு. அதிலேயே ஏறக்குறைய 1 வோல்ட் போய்விடுகிறது. பச்சை பூத்த இணைப்புகள் இன்னும் கொஞ்சம் தின்னும். பம்புக்குக் கிடைப்பது 11 அல்லது அதற்கும் கீழே. இதில் இன்னொரு சங்கடம்: அழுத்தம் ஏற ஏற மோட்டர் கூடுதல் மின்னோட்டம் கேட்கும். வெட்டும் அழுத்தத்தை எட்ட வேண்டிய கடைசிக் கட்டத்தில்தான் வயரில் இழப்பும் மிக அதிகம். பம்பு 36, 37 வரை போய் அதற்குமேல் ஏற முடியாமல் முனகுகிறது, சுவிட்ச் 40க்காகக் காத்திருக்கிறது.

நீங்கள் திருகாணியைத் தளர்த்தியதால் வெட்டும் அளவு 35க்கு இறங்கியிருக்கும். நோய் அப்படியே இருக்கிறது, குறி மட்டும் மறைந்துவிட்டது. பற்றரி இன்னும் இறங்கும்போது மறுபடி நிற்காது. திருகாணியைப் பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள். பம்பு ஓடும்போது பம்பின் முனையில் ஒருமுறை, பற்றரியின் முனையில் ஒருமுறை வோல்ட் அளந்து வித்தியாசத்தைப் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் இருந்தால் வயரைப் பாருங்கள். 4 சதுர மில்லிமீற்றர், வெள்ளீயம் பூசிய வயர் போட்டால் அதே தூரத்தில் இழப்பு 0.4 வோல்ட்டுக்குள் அடங்கும். வயர் சரியாகி, பற்றரியும் நல்லதாக இருந்து, அப்போதும் நிற்காவிட்டால் டயபிரமோ ரப்பர் வால்வோ தேய்ந்திருக்கிறது. திருகாணி இவையெல்லாவற்றுக்கும் பிறகு, அதுவும் அழுத்தமானி ஒன்றை மாட்டிக்கொண்டு, கால் சுற்றாகத்தான்.

நிலாவெளியிலிருந்து: குழாயைக் கொஞ்சமாகத் திறந்தால் பம்பு டக் டக்கென்று அடித்துக்கொள்கிறது.

சிறு திறப்புக்குத் தேவையானதைவிடப் பம்பு அதிகம் தள்ளுகிறது; அழுத்தம் உடனே ஏறி வெட்டுகிறது, உடனே இறங்கி ஓடுகிறது. வெளியேறும் பக்கத்தில் காற்றடைத்த ஒரு சிறிய அழுத்தத் தாங்கி மாட்டுங்கள். ஒரு லீற்றர் அளவே போதும். ஏற்கனவே இருந்தால் அதற்குள் காற்று இறங்கியிருக்கும். பம்பை நிறுத்தி, குழாயைத் திறந்து அழுத்தத்தை முழுவதும் விட்டபிறகு, சைக்கிள் பம்பால் காற்றடியுங்கள். பம்பு தொடங்கும் அளவைவிட 2 பி.எஸ்.ஐ. குறைவாக, அதாவது 25 என்றால் 23. தண்ணீர் அழுத்தத்தோடு இருக்கும்போது அளந்தால் கிடைக்கும் எண் பொய்.

கிண்ணியாவிலிருந்து: எங்கள் படகு 24 வோல்ட். கையில் 12 வோல்ட் பம்பு இருக்கிறது. இரண்டு பற்றரியில் ஒன்றிலிருந்து மட்டும் எடுக்கலாமா? அதே பம்பால் கடல்நீர் எடுத்துத் தளத்தையும் கழுவலாமா?

இரண்டுக்கும் இல்லை என்பதே பதில். ஒரு பற்றரி மட்டும் இறங்கினால், சார்ஜ் ஏறும்போது மற்றது அளவுக்கு மீறி ஏறி இரண்டுமே கெடும். 24 வோல்ட் பம்பு வாங்குங்கள், இல்லையென்றால் 24ஐ 12 ஆக்கும் கருவி போடுங்கள். கடல்நீரை இந்தப் பம்பில் விட்டால் உப்பும் மணலும் ரப்பர் வால்வுகளை விட்டுவைக்காது. குடிநீர்க் குழாயில் உவர்ப்பு வேறு. கழுவத் தனிப் பம்பு.

உவர்மலையிலிருந்து: தண்ணீரில் நாற்றம்.

பம்பல்ல, தாங்கி. வாசனை சேர்க்காத 5 சதவீதக் குளோரின் திரவம், தாங்கியின் ஒவ்வொரு லீற்றருக்கும் 1 மில்லிலீற்றர். எல்லாக் குழாய்களிலும் குளோரின் வாசம் வரும்வரை ஓடவிட்டு, நான்கு மணி நேரம் விட்டு, முழுவதும் வடித்து, வாசம் போகும்வரை நல்ல தண்ணீரால் அலசுங்கள். அலசி முடிக்கும்வரை அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம். இரவு முழுவதும் விட்டுவைக்க வேண்டாம், டயபிரம் ரப்பருக்கு ஆகாது.

கொட்பே அண்ணா மறுபடியும்: புது ஹோஸ் போட்டேன், தண்ணீர் வருகிறது. அடுத்த மாதம் ஆழ்கடல். என்ன உதிரி கொண்டுபோக வேண்டும்?

ஒரு பிரஷர் சுவிட்ச், அந்தப் பம்புக்குரிய டயபிரமும் வால்வும் அடங்கிய பொதி, வடிகட்டிக்கு இரண்டு ரப்பர் வளையம், சரியான அம்பியர் பியூஸ் ஐந்தாறு. அதோடு ஒரு கைப்பம்பு, தாங்கியிலிருந்து தனி ஹோஸில். மின்பம்பின் ஹோஸில் கிளை எடுக்காதீர்கள், அந்த இணைப்பில் காற்று நுழைந்தால் இரண்டு பம்பும் ஒன்றாகப் படுத்துவிடும்.