தோல் நிறமும் விருது ஆசையும்

கேள்வி: ‘டிராபிக் தண்டர்’ (Tropic Thunder) என்ற ஹாலிவுட் நகைச்சுவைப் படத்தை 2008-இல் விழுந்து விழுந்து சிரித்துப் பார்த்தவன் நான். அண்மையில் அக்காள் மகளுடன் மீண்டும் பார்த்தபோது, வெள்ளைக்கார நடிகர் கறுப்பராக வருவதைக் கண்டு அவள் பாதியில் எழுந்து போய்விட்டாள். இந்தப் படத்துக்கு இன்று சிரிப்பது தவறா?
– வாசகர், திருச்சி

பதில்: அவருடைய கோபம் நியாயமானது. வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பினத்தவரை இழிவுபடுத்திய மேடை நிகழ்ச்சிகள் 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் கொடிகட்டிப் பறந்தன. அந்த வடு இன்னும் ஆறவில்லை. ஆனால், பென் ஸ்டில்லர் இயக்கிய இப்படம் கேலி செய்வது கறுப்பினத்தவரை அன்று. ராபர்ட் டவுனி ஜூனியர் ஏற்றிருக்கும் கிர்க் லாசரஸ், ஐந்து ஆஸ்கர் வாங்கிய ஆஸ்திரேலிய நடிகர். வியட்நாம் போர்ப் படமொன்றில் கறுப்பினச் சார்ஜென்ட்டாக நடிப்பதற்காகச் சிகிச்சை செய்து தோலின் நிறத்தையே மாற்றிக்கொண்டு, கேமரா ஓடாத நேரத்திலும் வேடத்தைக் கலைக்க மறுக்கிறவர்.

ஒரு காட்சியைக் கவனியுங்கள். கறுப்பின ராப் பாடகரான ஆல்பா சினோவிடம் லாசரஸ், கறுப்பினம் நானூறு ஆண்டுகள் பட்ட துயரத்தைத் தாமே அனுபவித்தவர்போல் உருகிப் பேசி, அவரைக் கட்டியணைத்துக்கொள்கிறார். பேச்சின் முடிவில் அவர் வாயிலிருந்து வருவதோ ஒரு பழைய தொலைக்காட்சித் தொடரின் முகப்புப் பாடல். சினோ அதை அந்த இடத்திலேயே சுட்டிக்காட்டுகிறார். பிராண்டன் டி. ஜாக்சன் நடித்த இந்தப் பாத்திரம் இல்லாதிருந்தால், நானும் உங்கள் அக்காள் மகளோடு எழுந்து போயிருப்பேன்.

என் மனத்தை உறுத்துவது ‘சிம்பிள் ஜாக்’ பகுதிதான். விருதுக்கு ஆசைப்பட்டு, அறிவுசார் மாற்றுத்திறனாளியாக நடித்துத் தோற்ற நட்சத்திரத்தின் கதை அது. அங்கும் நடிகர்களின் பேராசையைச் சாடுவதே நோக்கம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். எனினும், மாற்றுத்திறனாளிகளைப் புண்படுத்தும் வசைச்சொல் அந்த உரையாடலில் திரும்பத் திரும்ப வருகிறது. அதற்கு மறுமொழி சொல்ல அவர்களில் ஒருவர்கூடப் படத்தில் இல்லை. படம் வெளிவந்தபோதே அமெரிக்காவின் மாற்றுத்திறனாளர் அமைப்புகள் தெருவில் இறங்கிப் போராடியதற்குக் காரணமும் இப்பகுதிதான். டவுனியின் நடிப்பு ஆஸ்கர் பரிந்துரை வரை சென்றது. அந்த அமைப்புகளின் குரலோ விரைவில் மறக்கப்பட்டுவிட்டது.

லாசரஸின் அசட்டுத்தனத்துக்குத் தயங்காமல் சிரியுங்கள். ‘சிம்பிள் ஜாக்’ வரும்போது மட்டும் எனக்கு இப்போது சிரிப்பு வருவதில்லை.