முதியோர் ஓய்வூதியம், மகளிர் உரிமைத் தொகை: யாருக்கு உரியவை?

வட்டாட்சியர் அலுவலகத்தின் சமூகப் பாதுகாப்புத் திட்டப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றியவள் என்ற முறையில், வந்த கேள்விகளுக்கு நான் அறிந்தவரை பதில் தருகிறேன்.

கேள்வி: என் மாமியார் முதியோர் ஓய்வூதியம் பெறுகிறார். அவர் பெயரும் எங்கள் குடும்ப அட்டையில்தான் இருக்கிறது. அதனால் எனக்கு மகளிர் உரிமைத் தொகை கிடைக்காது என்கிறார்கள். உண்மையா?

உண்மையன்று. 2023 ஜூலையில் முதலில் வகுத்த விதிகளில் அந்தத் தடை இருந்தது. அடுத்த மாதமே அது தளர்த்தப்பட்டு, ஓய்வூதியம் பெறுபவரைத் தவிர வீட்டிலுள்ள தகுதியுள்ள வேறொரு பெண் விண்ணப்பிக்கலாம் என்று அறிவிக்கப்பட்டது. பழைய விதியை மட்டும் கேள்விப்பட்டு விண்ணப்பிக்காமலே இருந்துவிட்ட பெண்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. உங்களுக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் ரூ.2.5 லட்சத்துக்கு மேல் போகக்கூடாது. நிலம் இருந்தால் நன்செய் 5 ஏக்கர் அல்லது புன்செய் 10 ஏக்கர் என்பது வரம்பு. வீட்டு மின்சாரப் பயன்பாடு ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்ற விதிதான் பலரைக் குழப்புகிறது. இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கெடுப்பதால், கடைசி ஆறு கணக்கெடுப்புகளின் யூனிட்டுகளைக் கூட்டிப் பாருங்கள். கோடையில் ஒருமுறை 700 யூனிட் வந்துவிட்டது என்பதற்காக அஞ்ச வேண்டியதில்லை. ஓர் அட்டைக்கு ஒருவருக்கே தொகை உண்டு.

கேள்வி: கணவர் என்னை விட்டுப் போய் ஆறு ஆண்டுகள் ஆகின்றன. விவாகரத்து ஆகவில்லை. எனக்கு வயது 34. ஓய்வூதியம் உண்டா?

உண்டு. கணவரால் கைவிடப்பட்ட பெண்களுக்கான ஓய்வூதியத்துக்கு 30 வயது நிரம்பியிருக்க வேண்டும். வறுமை நிலையும் பார்க்கப்படும். சட்டப்படி விவாகரத்து பெற்றிருந்தாலோ, நீதிமன்றத்தில் பிரிந்து வாழ்வதற்கான சான்று பெற்றிருந்தாலோ, ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் கைவிடப்பட்டிருந்தாலோ போதும். இம்மூன்றில் ஒன்று இருந்தாலே விண்ணப்பிக்கலாம். ஆனால் நீதிமன்றத் தீர்ப்பு இருந்தால்தான் மனுவையே வாங்குவார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, வக்கீலுக்குக் கொடுப்பதற்காகத் தோட்டை அடகு வைத்துவிட்டு, காதில் ஈர்க்குச்சியோடு என் மேசைக்கு முன் வந்து நின்ற ஒரு பெண்ணை என்னால் மறக்க முடியவில்லை. கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரணைக்கு வரும்போது, நீங்கள் தனியாக வாழ்வதை அறிந்த அக்கம்பக்கத்தார் இருவர் உடனிருப்பது உதவும். கணவர் பெயர் இன்னும் உங்கள் குடும்ப அட்டையில் இருந்தால், அதற்கான விளக்கத்தை மனுவிலேயே எழுதிவிடுங்கள்.

கேள்வி: முதியோர் ஓய்வூதியம் மத்திய அரசின் பணமா, மாநில அரசின் பணமா?

இரண்டும் கலந்தது. இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டத்தில் 60 முதல் 79 வயது வரை உள்ளவருக்கு மத்திய அரசின் பங்கு மாதம் ரூ.200, 80 வயதானால் ரூ.500. மீதியை மாநில அரசு தருகிறது. தமிழ்நாட்டில் இந்த உதவி 1962-இல் மாதம் ரூ.20 என்று தொடங்கியது; 2023 ஆகஸ்டில் ரூ.1,000 என்பது ரூ.1,200 ஆனது.

கேள்வி: இரண்டு மகள்களும் அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகிறார்கள். புதுமைப்பெண் திட்டத்தில் இருவருக்கும் மாத உதவித்தொகை கிடைக்குமா?

ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்திருந்தால் இருவருக்கும் கிடைக்கும். வேறு கல்வி உதவித்தொகை பெறுவதும் தடையாகாது. ஆதார் வழியாக அனுப்பப்படும் பணம், ஆதாரை எந்தக் கணக்கில் கடைசியாக இணைத்தார்களோ அங்கேதான் போகும். பணம் வரவில்லை என்றால் முதலில் அதை வங்கியில் கேளுங்கள்.

கேள்வி: உரிமைத் தொகை மனுவைத் தள்ளிவிட்டார்கள். இனி என்ன செய்வது?

நிராகரித்த தகவல் வந்த 30 நாட்களுக்குள் இ-சேவை மையம் வழியாக வருவாய்க் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்யலாம். "தகுதி இருக்கிறது" என்று பொதுவாக எழுதாமல், எந்தக் காரணத்தால் தள்ளினார்களோ அதற்கு மட்டும் ஆவணத்தோடு பதில் எழுதுங்கள். கார் இருக்கிறது என்று தள்ளியிருந்து, அதை நீங்கள் முன்பே விற்றுவிட்டீர்கள் என்றால், பதிவுச் சான்றில் பெயர் மாறியதைக் காட்டும் நகலை இணையுங்கள். ஒப்புகைச் சீட்டைக் கையில் வாங்காமல் மையத்தை விட்டு வெளியே வராதீர்கள்.